முதன்முறையாக மானியம் கேட்கும் சிறிய சமூக அமைப்பு எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மாலைப் படிப்பகம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் 14 பேர் சேர்ந்து 9 ஆண்டுகளாக ஒரு மாலைநேரப் படிப்பகத்தை நடத்தி வருகிறோம். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமோ, சந்தேகம் கேட்டால் சொல்லித்தர ஆளோ இல்லாத பிள்ளைகளுக்காக இரண்டு அறைகள், ஏறத்தாழ 1,200 புத்தகங்கள், வாரத்தில் ஐந்து நாள் முறைவைத்து வரும் தன்னார்வலர்கள்: இவ்வளவுதான் எங்கள் அமைப்பு. முறைப்படி பதிவு செய்திருக்கிறோம். வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கிறது. ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய்து பொதுக்குழுவில் வைக்கிறோம். இதுவரை உறுப்பினர் சந்தாவையும் தெரிந்தவர்கள் கொடுத்த நன்கொடையையும் வைத்தே சமாளித்துவிட்டோம். இப்போது பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிவிட்டது. எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஊதியம் எதுவும் பெறாமல் வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார். இப்படியே நெடுநாள் ஓட்ட முடியாது என்று செயற்குழுவில் எல்லோரும் உணர்கிறோம்.

கடந்த ஓராண்டில் இரண்டு அறக்கட்டளைகளிடம் மானியம் கேட்டு விண்ணப்பித்தோம். ஒன்றிலிருந்து பதிலே வரவில்லை. மற்றொன்று, எங்கள் பணி தங்களுடைய இவ்வாண்டு முன்னுரிமைகளுக்குள் வரவில்லை என்று ஒரு வரியில் எழுதியிருந்தது. அதன் பிறகு ஆலோசகர் ஒருவர் எங்களைத் தேடி வந்து, விண்ணப்பத்தைத் தாமே எழுதித் தருவதாகவும், மானியம் கிடைத்தால் அதில் 10 சதவீதம் கொடுத்தால் போதும் என்றும் சொல்கிறார். செயற்குழுவில் சிலர் இதற்குச் சம்மதிக்கலாம் என்கிறார்கள்.

என் கேள்விகள் மூன்று. எங்களைப் போன்ற சிறிய அமைப்பு எந்த வகை நிதியளிப்பாளரை நாட வேண்டும்? இந்த ஆலோசகரின் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளலாமா? விண்ணப்பத்தில் ஒருங்கிணைப்பாளருக்கு ஊதியம் கேட்டால் நாங்கள் எங்களுக்காகவே பணம் கேட்பது போல் தோன்றாதா? முந்தைய இரண்டு விண்ணப்பங்களிலும் புத்தகங்களும் 4 கணினிகளும் மட்டுமே கேட்டிருந்தோம். அவற்றின் தொடக்கப் பத்தி இதுதான்:

“எங்கள் அமைப்பு நலிந்த பிரிவினரின் கல்வி மேம்பாட்டுக்காக அர்ப்பணிப்புடன் செயல்பட்டு வருகிறது. தரமான கல்வி ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்பதை உணர்ந்து, முழுமையான ஆளுமை வளர்ச்சியை நோக்கமாகக் கொண்டு பல்வேறு பணிகளை ஆற்றி வருகிறோம்.”

இதில் என்ன குறை என்று தெரிந்தவர்கள் தயங்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

முன்னாள் மதிப்பீட்டாளர்

வணக்கம். சிறு மானியங்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரு குழுவில் ஆறு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

நடுக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் உடனடி ஆபத்து இருக்கிறது. சதவீதக் கணக்கில் எவருக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிதி திரட்டும் தொழிலில் இருப்பவர்களின் பன்னாட்டுச் சங்கமான அசோசியேஷன் ஆஃப் ஃபண்ட்ரைசிங் புரொஃபஷனல்ஸ், திரட்டிய தொகையில் ஒரு பங்கை ஊதியமாகப் பெறுவதைத் தன் ஒழுக்க நெறிகளிலேயே தடை செய்திருக்கிறது. அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. விண்ணப்பம் எழுதும் வேலை, மானிய ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஒப்பந்தத் தேதிக்கு முந்தைய செலவைப் பெரும்பாலான நிதியளிப்பாளர்கள் ஏற்பதில்லை. அப்படியானால் அந்த 10 சதவீதத்தை எந்தச் செலவுத் தலைப்பில் கணக்குக் காட்டுவீர்கள்? புத்தகத் தலைப்பிலிருந்தோ வாடகைத் தலைப்பிலிருந்தோ எடுத்துத்தான் கொடுக்க வேண்டிவரும்; தணிக்கையில் அது முறைகேடாகவே பதிவாகும். உதவி தேவையென்றால், நீங்கள் எழுதியதைப் படித்துத் திருத்தித் தருவதற்கென்று ஒரு நிலையான தொகையைப் பேசி, உங்கள் சொந்த நிதியிலிருந்து கொடுங்கள். எழுதுவது மட்டும் உங்கள் பிள்ளைகளின் பெயர் தெரிந்த ஒருவராக இருக்கட்டும்.

எங்கே தேடுவது என்பதற்கு நான் சொல்லும் ஒழுங்கு, அருகிலிருந்து தொலைவுக்குப் போவது. உள்ளாட்சி அமைப்புகளின் சமூக நிதி, உங்கள் பகுதியில் இயங்கும் சமூக அறக்கட்டளை, சேவைச் சங்கங்கள் ஆகியவற்றிடம்தான் முதல் மானியம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். சமூக அறக்கட்டளை என்ற அமைப்பு முறை 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரு வங்கியாளரின் முயற்சியால் தோன்றியது. ஒரு வட்டாரத்துக் கொடையாளர்கள் பலர் கொடுத்ததை ஒரே நிதியாகத் திரட்டி, அந்த வட்டாரத்துக்கே செலவிடுவதுதான் அதன் அடிப்படை. இன்று பல நாடுகளில் இத்தகைய அறக்கட்டளைகள் இருக்கின்றன. அவர்களுக்கு உங்கள் தெரு தெரியும். நேரில் வந்து பார்க்கவும் முடியும். ரோட்டரி சங்கங்களின் மாவட்ட மானியமும் இந்த வகையைச் சேர்ந்தது. அதே ரோட்டரியின் உலகளாவிய மானியத்துக்குத் திட்ட மதிப்பு குறைந்தது 30,000 அமெரிக்க டாலராக இருக்க வேண்டும். இரண்டு நாடுகளின் சங்கங்கள் சேர்ந்து முன்மொழிய வேண்டும். ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இரண்டு வாசல்கள் எவ்வளவு வேறுபட்டவை என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்த வட்டத்தில், வளர்ந்துவரும் நாடுகளில் இயங்கும் அமைப்புகளுக்குத் தூதரகங்கள் வழியே கிடைக்கும் சிறு நிதிகள் உள்ளன. ஜப்பான் அரசு 1989 முதல் அடித்தட்டு அமைப்புகளுக்கென நடத்திவரும் மானியத் திட்டம், கனடாவின் உள்ளூர் முன்முயற்சி நிதி, ஆஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம் ஆகியவை இவ்வகையின. இவற்றையும் அப்படியே ஒன்றாகக் கருதக்கூடாது. ஜப்பானின் திட்டம் பெரும்பாலும் கட்டடம், கருவி போன்றவற்றுக்கானது. ஊதியம், வாடகை போன்ற தொடர்செலவுகளை அது ஏற்பதில்லை. உங்கள் உண்மையான தேவை ஒருங்கிணைப்பாளரின் ஊதியம் என்றால், அங்கே எவ்வளவு அழகாக எழுதினாலும் பயனில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் ஜனநாயக நிதி 2005இல் தொடங்கியது. அதில் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மட்டுமே விண்ணப்பிக்க முடியும். மானியத் தொகையும் உங்கள் ஆண்டுச் செலவைப் போலப் பல மடங்கு. இப்போதைக்கு அதைப் பற்றி நினைக்க வேண்டாம்.

எந்த அறக்கட்டளையானாலும் அதன் அறிவிப்பைப் படிக்கும் முன் அது கடந்த மூன்று ஆண்டுகளில் யாருக்குக் கொடுத்தது என்று பாருங்கள். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் ஒவ்வோர் ஆண்டும் தங்கள் சொத்து மதிப்பில் ஏறத்தாழ 5 சதவீதத்தைக் கட்டாயம் வழங்கியாக வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தன என்பதை 990-பிஎஃப் என்ற வரிப் படிவத்தில் வெளியிட வேண்டும். பிரிட்டனில் 360கிவிங் என்ற முயற்சி இத்தகைய விவரங்களைத் திரட்டித் தருகிறது. அமெரிக்காவில் அறக்கட்டளைகளையும் தொண்டு நிறுவனங்களையும் பற்றிய தகவல்களைத் திரட்டிவந்த ஃபவுண்டேஷன் சென்டரும் கைடுஸ்டாரும் 2019இல் இணைந்து உருவான கேண்டிட் என்ற நிறுவனத்தின் தரவுத்தளமும் உண்டு. பெற்றவர்களின் பட்டியலில் உங்கள் அளவுள்ள அமைப்பு ஒன்றுகூட இல்லையென்றால், முன்னுரிமைப் பட்டியலில் ‘கல்வி’ என்ற சொல் இருப்பதை மட்டும் நம்பி ஒரு மாத உழைப்பைச் செலவிடாதீர்கள். உங்களுக்கு வந்த ஒருவரி மறுப்பு பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும்.

தகுதியுள்ள எவரும் விண்ணப்பிக்கக்கூடிய திறந்த அழைப்புகளில் போட்டி எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்கக் கொடையாளர் மெக்கன்சி ஸ்காட்டின் யீல்டு கிவிங் என்ற கொடை அமைப்பு 2023இல் அமெரிக்க அமைப்புகளுக்காக ஒரு திறந்த அழைப்பு விடுத்தது. 6,353 விண்ணப்பங்கள் வந்தன. 250 அமைப்புகளுக்கு என்று அறிவித்திருந்தாலும், 2024 மார்ச்சில் 361 அமைப்புகளுக்கு மொத்தம் 64 கோடி டாலர் வழங்கினார்கள். அவ்வளவு தாராளமாகக் கொடுத்தும், விண்ணப்பித்த நூற்றில் ஆறு பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. ஆகவே இரண்டு மறுப்புகளை உங்கள் பணியின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி அந்தப் பத்தி. எங்கள் குழுவில் ஒரே மாலையில் 20 விண்ணப்பங்கள் வரை படிப்போம். நான் முதலில் தகுதி நிபந்தனைகளைச் சரிபார்ப்பேன். பிறகு நேராக வரவுசெலவுப் பக்கத்துக்குப் போவேன். அதன் பின்னரே முதல் பக்கத்துக்குத் திரும்புவேன். பணம் எங்கே போகிறது என்பதைப் பார்த்தால், அந்த அமைப்பு அன்றாடம் என்ன செய்கிறது என்பது புரிந்துவிடும். உங்கள் பத்தியை எந்த அமைப்பின் பெயரோடு சேர்த்து வைத்தாலும் பொருந்தும். அதுதான் அதன் குறை. ‘அர்ப்பணிப்பு’, ‘முழுமையான ஆளுமை வளர்ச்சி’ என்ற சொற்கள் அந்த 20 விண்ணப்பங்களிலும் இருக்கும். நீங்கள் இந்த மன்றத்தில் எழுதியிருக்கும் கேள்வியின் முதல் ஐந்து வரிகளே அதைவிட நல்ல விண்ணப்பம்.

வருகைப் பதிவேடு வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் அதை எடுத்து, எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், வாரத்துக்கு எத்தனை நாள், எந்த வயதில் வருவதை நிறுத்துகிறார்கள், எந்த மாதத்தில் குறைகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிவிட்டு இங்கே வந்து எழுதுங்கள். பத்தியை மீண்டும் பார்ப்போம்.

கணக்கு எழுதுபவர்

ஊதியம் கேட்கலாமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மூன்று சிறிய அமைப்புகளுக்குப் பொருளாளராக இருந்திருக்கிறேன். இந்தக் கூச்சம் எனக்குப் பழக்கமானது. அது எங்களுக்குப் பெரிய இழப்பையும் உண்டாக்கியிருக்கிறது.

ஊதியம் கேட்பது உங்களுக்காகக் கேட்பது ஆகாது. ஒரு பிள்ளை ஒரு மாலை உட்கார்ந்து படிப்பதற்கு என்ன செலவாகிறது என்று கணக்கிடும்போது, கதவைத் திறந்து வைத்து, தன்னார்வலர் வராத நாளில் மாற்று ஆளை ஏற்பாடு செய்து, பெற்றோரிடம் பேசுபவரின் நேரமும் அந்தச் செலவில் ஒரு பகுதியே. அதை மறைத்துவிட்டுப் புத்தகமும் கணினியும் மட்டும் கேட்டால், கணினிகள் வரும்; அவற்றைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்க ஆள் இருக்காது. இன்னொரு பக்கம், இந்த அமைப்பை உண்மையில் யார் நடத்துகிறார்கள் என்ற ஐயம் மதிப்பீட்டாளருக்கு எழும்.

நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால்தான் நல்ல அமைப்பு என்ற எண்ணம் கொடையாளரிடமும் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது. தொண்டு நிறுவனங்களைத் தரம்பார்த்துச் சொல்லும் அமைப்புகளே இதை மறுத்திருக்கின்றன. கைடுஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய மூன்றும் 2013இல் அமெரிக்கக் கொடையாளர்களுக்குச் சேர்ந்து எழுதிய திறந்த மடலில், நிர்வாகச் செலவின் விகிதம் ஓர் அமைப்பின் செயல்திறனைக் காட்டும் அளவுகோல் ஆகாது என்று சொல்லியிருக்கின்றன. அரசு சார்ந்த நிதியளிப்பாளர்களும் மறைமுகச் செலவுக்கு, அதாவது ஒரு திட்டத்துக்கு மட்டும் உரியதாகப் பிரித்துக் காட்ட முடியாத பொது நிர்வாகச் செலவுக்கு, இடம் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பல மானியங்களில் நேரடிச் செலவில் 7 சதவீதம் வரை நிலையான விகிதத்தில் கேட்கலாம். அமெரிக்கக் கூட்டரசு மானியங்களில், தனியே பேசி முடித்த விகிதம் இல்லாத அமைப்புகள் கேட்கக்கூடிய அளவு 2024 அக்டோபர் 1 முதல் 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்தப்பட்டது. கேட்கலாம் என்று விதியே சொல்லும்போது நாம் கேட்காமல் விடுவது பெருந்தன்மை ஆகாது. அந்தத் தொகையை ஒருங்கிணைப்பாளரின் உழைப்பிலிருந்தே நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கணக்கை எப்படிப் பிரிப்பது என்பதையும் சொல்கிறேன். உங்களிடம் இரண்டு அறைகள் இருக்கின்றன. மானியத் திட்டம் ஓர் அறையில், வாரத்தில் ஐந்து நாளில் நான்கு நாள் நடப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்த வாடகையில் பாதி அந்த அறைக்குரியது; அதில் ஐந்தில் நான்கு பங்கு திட்டத்துக்குரியது. ஆகவே வாடகையில் 40 சதவீதம் கேட்கலாம். இந்தப் பின்னம் எப்படி வந்தது என்பதை வரவுசெலவுப் பட்டியலுக்குக் கீழே ஒரே வரியில் எழுதிவிடுங்கள். மின்கட்டணம், தணிக்கையாளர் கட்டணம், ஒருங்கிணைப்பாளரின் மணிநேரம் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். தன்னார்வலர்களின் நேரத்தையும் மணிக்கணக்கில் பதிவு செய்யுங்கள். உங்கள் பங்குக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்கும் நிதியளிப்பாளர்களில் பலர் அதைப் பணமாக அல்லாமல் தரும் பங்களிப்பாக ஏற்பார்கள், கையெழுத்திட்ட நேரப் பதிவேடு இருந்தால் மட்டும்.

ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைக் கட்டாயம் தேடிப் படியுங்கள். ஒன்று, பணம் முன்பணமாகத் தவணைகளில் வருமா, அல்லது நீங்கள் செலவழித்து ரசீது காட்டிய பிறகு வருமா என்பது. பின்னது என்றால், மூன்று நான்கு மாதச் செலவைத் தாங்கும் இருப்பு உங்களிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் மானியம் கிடைத்த அமைப்பே கடன் வாங்கும் நிலை வரும். மற்றொன்று, செலவு ஏற்கப்படும் தொடக்க நாள். நான் இருந்த அமைப்பு ஒன்றில், மானியம் உறுதி என்று தொலைபேசியில் சொன்னவுடன் மகிழ்ச்சியில் ஜூலை 3 அன்று ஒரு ஒளிவீழ்த்தியை வாங்கிவிட்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தானது ஜூலை 11. எட்டு நாள் வித்தியாசத்தில் அந்தச் செலவு முழுவதையும் நீக்கிவிட்டார்கள். ரசீது சரியாக இருந்தது, பொருளும் கண்முன்னே இருந்தது. தேதி மட்டும்தான் சரியாக இல்லை. அந்தத் தொகையைச் சந்தாவிலிருந்து ஈடுகட்ட ஓராண்டு ஆயிற்று.

கூடவே ஓர் எச்சரிக்கை. உங்கள் அமைப்புக்கு மானியம் ஒதுக்கப்பட்டுவிட்டது, பதிவுக் கட்டணமோ பரிமாற்றக் கட்டணமோ செலுத்தினால் அனுப்பிவிடுவோம் என்று மின்னஞ்சல் வந்தால், அது ஐக்கிய நாடுகள் சபையின் பெயரில் வந்தாலும் மோசடிதான். விண்ணப்பிக்காத இடத்திலிருந்து மானியம் தேடி வராது. இன்னொன்று, மானியம் என்ற பெயரில் வருவதெல்லாம் பணமும் அல்ல. கூகுள் விளம்பர மானியம் மாதம் 10,000 டாலர் என்று சொல்வார்கள். அது தேடல் பக்கத்தில் விளம்பரம் செய்வதற்கான மதிப்பு மட்டுமே. அதிலிருந்து வாடகை கொடுக்க முடியாது.

கரையோரப் பணியாளர்

மேலே இருவரும் எழுதியதோடு உடன்படுகிறேன். மானியம் கிடைத்த பிறகு வரும் சிக்கலைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன்.

எங்களுடையது ஒரு நீர்நிலையைப் பாதுகாக்கும் குழு. சுற்றுச்சூழல் சார்ந்த அமைப்புகளுக்கு உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் ஒரு நல்ல வாசல். 1992இல் தொடங்கிய இந்தத் திட்டத்தை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் நடத்துகிறது. நீண்ட காலம் ஒரு மானியத்தின் உச்ச வரம்பு 50,000 டாலராக இருந்தது. எந்த முன்மொழிவை ஏற்பது என்பதை அந்தந்த நாட்டில் உள்ள வழிகாட்டுக் குழுவே முடிவு செய்கிறது. அதில் அரசு சாராதவர்களே பெரும்பான்மையினர். படிப்பகத்துக்கு இது பொருந்தாது. மன்றத்தைப் படிக்கும் மற்றவர்களுக்குப் பயன்படலாம் என்பதற்காகக் குறிப்பிடுகிறேன். படிப்பகத்தார் இதற்காகப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் வகுப்பு என்று ஒன்றைப் புதிதாகச் சேர்க்க நினைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நாங்கள் செய்த பிழை அதுதான்.

எங்கள் பணி கரையில் மரம் நட்டு, குப்பை அள்ளி, நீரின் தரத்தைப் பதிவு செய்வது. ஒருமுறை ஒரு நிதியளிப்பாளர் தொழிற்பயிற்சிக்குப் பெரிய தொகை தருவதாக அறிவித்தார். எங்கள் ஆண்டுச் செலவைப் போல மூன்று மடங்கு. கரையோரப் பெண்களுக்குத் தையல் பயிற்சி என்று ஒரு திட்டம் எழுதி, அந்த மானியத்தைப் பெற்றோம். எங்களில் ஒருவருக்கும் தையல் தெரியாது. ஐந்து பேரைச் சம்பளத்துக்கு அமர்த்தினோம்; மாதாந்திர அறிக்கை, காலாண்டு அறிக்கை, ஒவ்வொரு கொள்முதலுக்கும் மூன்று விலைப்புள்ளி என்று அலுவலக வேலை பெருகியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கரைக்கு வரும் 25 தன்னார்வலர்கள், எங்களைப் பார்க்க முடியாமல் மெல்ல மெல்ல நின்றுபோனார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் மானியம் நின்றது. ஐந்து பேருக்கும் வேலை போயிற்று. இயந்திரங்கள் இன்னும் ஓர் அறையில் உறையிட்டுக் கிடக்கின்றன. கரையில் பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப எங்களுக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன.

அந்த நிதியளிப்பாளர்மீது எனக்குக் குறையில்லை. அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். எங்கள் செயற்குழுதான், இது நம் வேலையா என்று கேட்கத் தவறியது. இப்போது நாங்கள் ஒரு விதி வைத்திருக்கிறோம்: எந்த ஒரு மானியமும் எங்கள் ஆண்டு வரவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தி வைத்தபோது, எங்களுக்குத் தெரிந்த இரண்டு அமைப்புகள் அந்த வாரமே ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பின. மார்ச்சில், அந்நாட்டின் வெளிநாட்டு உதவி முகமையான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று அறிவித்தார்கள். அந்த அமைப்புகளின் பணியில் எந்தக் குறையும் இல்லை. வரவு முழுவதும் ஒரே வாசலில் இருந்ததுதான் காரணம். உங்கள் உறுப்பினர் சந்தா எவ்வளவு சிறியதாக இருந்தாலும், மானியம் வந்துவிட்டது என்று அதை வாங்காமல் விட்டுவிடாதீர்கள். அது உங்களிடம் எந்த நிபந்தனையும் கேட்காத பணம்.

மாலைப் படிப்பகம்

மூவருக்கும் எங்கள் செயற்குழுவின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். ஆலோசகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

இரண்டு நாள் உட்கார்ந்து 9 ஆண்டு வருகைப் பதிவேடுகளையும் எண்ணினோம். எண்ணத் தொடங்கும்போது, பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியதைக் காட்டப் போகிறோம் என்றுதான் நினைத்தோம். அது உண்மைதான், கடந்த ஆண்டில் 62 பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், அவர்களில் 41 பேர் வாரத்துக்கு மூன்று நாளோ அதற்கு மேலோ வந்திருக்கிறார்கள். ஆனால் வேறொன்று தெரியவந்தது. 13 வயதைத் தாண்டிய பெண் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோருமே வருவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆண் பிள்ளைகள் 16 வயது வரை தொடர்கிறார்கள். ஏழு வீடுகளுக்குப் போய்க் கேட்டோம். எல்லாரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: படிப்பகம் மூடும் நேரம் இரவு 8 மணி, இருட்டிய பின் தனியே திரும்பி வர வேண்டும். ஒரு பெண், தான் விட்டுச் சென்ற கணக்கு நோட்டு இன்னும் அங்கே இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டாம் அலமாரியில் இருந்தது. நாங்கள் கேட்ட 4 கணினிகளால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பயனும் இருந்திருக்காது.

பத்தியை இப்படி மாற்றியிருக்கிறோம்:

“எங்கள் படிப்பகத்துக்குக் கடந்த ஆண்டு 62 பிள்ளைகள் வந்தார்கள், 41 பேர் வாரத்துக்குக் குறைந்தது மூன்று நாள் வந்தார்கள். 13 வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகள், இரவு 8 மணிக்குத் தனியே வீடு திரும்ப இயலாததால் நின்றுவிடுகிறார்கள். படிப்பகத்தை ஒரு மணி நேரம் முன்னதாகத் திறந்து 7 மணிக்கு மூடவும், பிள்ளைகளைக் குழுவாக வீடு வரை கொண்டுபோய் விடவும், பகுதிநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவருக்கும் உதவியாளர் ஒருவருக்கும் 12 மாத ஊதியமும், வாடகையில் உரிய பங்கும் கேட்கிறோம். நின்றுபோனவர்களில் 10 பேரையாவது ஓராண்டுக்குள் மீண்டும் வரவைப்பது எங்கள் இலக்கு. வருகைப் பதிவேட்டைக் கொண்டு அதை மாதந்தோறும் சரிபார்ப்போம்.”

ஒரே ஒரு கேள்வி மீதி இருக்கிறது. 10 பேர் என்று எழுதிவிட்டு 6 பேரை மட்டுமே திரும்ப அழைத்துவர முடிந்தால் என்ன ஆகும்? பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா?

முன்னாள் மதிப்பீட்டாளர்

இந்தப் பத்தி என் கைக்கு வந்திருந்தால், அடுத்த விண்ணப்பத்தை எடுக்காமல் உங்களுடையதை முழுவதும் படித்திருப்பேன்.  ஒன்று மட்டும் சேருங்கள்: 12 மாதத்துக்குப் பிறகு இந்த இருவரின் ஊதியம் எங்கிருந்து வரும் என்று கட்டாயம் கேட்பார்கள். முழு விடை இல்லாவிட்டாலும், சந்தாவிலிருந்து எவ்வளவு, வேறு எவரிடம் எப்போது கேட்கப்போகிறீர்கள் என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள்.

ஆறு பேர்தான் வந்தார்கள் என்பதற்காக, ஒப்புக்கொண்டபடி செலவழித்த பணத்தை யாரும் திருப்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை. செலவழிக்காமல் மீந்ததையும், அனுமதியின்றி வேறு தலைப்பில் செலவழித்ததையும் கேட்டிருக்கிறார்கள். இலக்கு தவறும் என்று ஐந்தாம் மாதத்தில் தெரிந்தால், ஐந்தாம் மாதத்திலேயே நிதியளிப்பாளரிடம் உங்கள் மானியத்தைக் கவனிக்கும் அலுவலருக்கு எழுதுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், மற்ற வீடுகளில் என்ன சொன்னார்கள், எதை மாற்ற நினைக்கிறீர்கள் என்று. என் காலத்தில் அப்படி எழுதிய அமைப்புகளுக்குத் திட்டத்தைத் திருத்திக்கொள்ள இடம் கொடுத்தோம். இறுதி அறிக்கையில் முதன்முறையாகத் தெரியவந்தபோதுதான் அடுத்த முறை தயங்கினோம்.

விண்ணப்பத்தை அனுப்பும் முன் அந்த அலுவலரை ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, ஊதியத்துக்கு மானியம் தருவார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் உங்களுக்கு ஒரு மாத உழைப்பு மிச்சம், வேறொருவரிடம் போகலாம். முன்பு மறுப்பு எழுதிய அந்த அறக்கட்டளையையும் விட்டுவிட வேண்டாம். எந்தக் காரணத்தால் எங்கள் விண்ணப்பம் பின்தங்கியது என்று பணிவாக ஒரு மடல் எழுதிக் கேளுங்கள். அடுத்த அழைப்பு எப்போது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.